மலைப்பூதத்துக்கு ஒரு புது விதி

எதிரிப் படைத் தலைவன் இன்னும் வாளை உருவக்கூட இல்லை. அதற்குள் மலைப்பூதம் அவனைக் குதிரையோடு தூக்கி, ஏரிக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டது.

"முடிஞ்சுதா?" என்று கேட்டான் அவசரம்.

"முடிஞ்சுது," என்றாள் பென்சில்.

"அப்ப என் வாள்?"

"உறையிலதான் இருக்கு."

"போன வாரமும் உறையிலதான் இருந்துச்சு! இந்நேரம் துருப்பிடிச்சிருக்கும்!"

அது ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளத்தில் இருந்த சைக்கிள் அறை. சனிக்கிழமை மதியமானால் நான்கு பேர் அங்கே கூடிவிடுவார்கள். கவிழ்த்துப் போட்ட பெரிய அட்டைப்பெட்டிதான் மேசை. நாற்காலி கிடையாது. ஆளுக்கொரு பழைய செய்தித்தாள் கட்டு.

அவர்கள் விளையாடியது கதை விளையாட்டு. பென்சில் கதை சொல்வாள். மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் இருப்பார்கள். "நான் மதில் ஏறிக் குதிக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், குதித்தாரா விழுந்தாரா என்பதை இருபது முகம் கொண்ட பகடை முடிவு செய்யும். பெரிய எண் விழுந்தால் கொண்டாட்டம். சின்ன எண் விழுந்தால் திண்டாட்டம்.

கொண்டையில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகியிருப்பதால் அவள் பென்சில். மழை வருவதற்கு முன்பே குடையை விரித்து, மழை நிற்பதற்கு முன்பே அதை மடக்கிவிடுவதால் அவன் அவசரம். கதையில் அவன் ஒரு வாள்வீரன். அடுத்தவள் முணுமுணு. அவள் பேசினால் அவள் சட்டைக் காலருக்கு மட்டும்தான் கேட்கும். கதையில் அவள் ஓர் உளவாளி. உளவாளிக்கு அந்தக் குரல் போதும்.

நான்காவது ஆள் புதுசு. ஒரு மாதத்துக்கு முன்புதான் நான்காம் மாடிக்குக் குடிவந்தான். முதல் நாள் அவன் முன்னால் ஒரு டப்பாவை நீட்டி, "ஒரு சீட்டு எடு, அதுதான் நீ," என்று சொன்னாள் பென்சில். டப்பாவில் முப்பது சீட்டுகள் இருந்தன. வைத்தியர், படகோட்டி, குதிரைக்காரன், இப்படி.

புதுசு எடுத்த சீட்டில் இருந்தது மலைப்பூதம்.

எப்போதோ ஒரு நாள் குஷியில் பென்சிலே எழுதிப் போட்ட சீட்டு அது. 'மலை உயரம். எதையும் தூக்கும். எதுவும் இதைக் காயப்படுத்தாது. பகடை உருட்டத் தேவையில்லை.'

முதல் வாரம் எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாம் வாரம் சிரித்தார்கள். மூன்றாம் வாரம் முணுமுணு பெட்டிக்குக் கீழே படக்கதைப் புத்தகம் படித்தாள். இன்று நான்காம் வாரம். அவசரம் ஒன்பது தடவை கொட்டாவி விட்டான்.

பென்சில் சும்மா இருக்கவில்லை. போன வாரம், பூதத்துக்குச் சரிசமமாக ஒரு நெருப்புப் பாம்பைக் கொண்டு வந்தாள். அது விட்ட முதல் மூச்சில் வாள்வீரனின் தலைமுடி கருகியது; இரண்டாவது மூச்சில் உளவாளி மயங்கி விழுந்தாள். பூதம் மட்டும் தும்மியது. பூதத்தைத் தொடுகிற அளவுக்குப் பலமான எதிரி வந்தால், மற்ற இரண்டு பேரும் சாம்பல்தான் என்று அப்போது புரிந்தது.

இன்று வேறொன்று செய்து பார்த்தாள். "பூதம் ஒரு நாளைக்கு மூணு தடவைதான் பலத்தைக் காட்டலாம்," என்றாள். கால் மணி நேரத்தில் மூன்றும் தீர்ந்துவிட்டன. மூன்றாவது தடவைதான் படைத்தலைவன் ஏரியைத் தாண்டிப் பறந்தான். அதற்குப் பிறகு புதுசு கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவனைப் போல உட்கார்ந்திருந்தான். அதைப் பார்க்கவும் நன்றாக இல்லை.

விளையாட்டு முடிந்து புதுசு மாடிக்குப் போனதும், அவசரம் பென்சிலை மடக்கினான்.

"பூதத்தைக் கொன்னுடு."

"அதெப்படி? அதுதான் சாகாதே. நான்தானே அப்படி எழுதினேன்!"

"சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்ட! அப்ப சீட்டைப் பிடுங்கு. வேற கொடு."

முணுமுணு ஏதோ சொன்னாள்.

"என்ன?"

அவள் பென்சிலின் காதருகே வந்து சொன்னாள். "அடுத்த சனிக்கிழமையும் இப்படியே இருந்தா நாங்க ரெண்டு பேரும் பந்து விளையாடப் போறோம். அவன் கெட்டவன் இல்ல. ஆனா எங்களுக்குச் செய்ய ஒண்ணுமே இல்ல."

அது நியாயம்தான். அதுதான் பென்சிலுக்குக் கஷ்டமாக இருந்தது.

திங்கட்கிழமை பள்ளியில், சாப்பாட்டு நேரத்தில் புதுசுவிடம் பேசிவிடலாம் என்று போனாள். அவன் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்து நோட்டில் படம் வரைந்துகொண்டிருந்தான். பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். பக்கம் முழுக்க மலைப்பூதம். அதன் உள்ளங்கையில் எறும்பு அளவுக்கு மூன்று பேர். ஒருவன் கையில் வாள். ஒருத்தி முகத்தை மூடிய உளவாளி. மூன்றாவது ஆளின் தலையில் ஒரு பென்சில்.

பென்சில் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி அரை நாள்தான். வீட்டுக்கு வந்தால், அப்பா ஒரு சாப்பாட்டு டப்பாவோடு வாசலில் நின்றார்.

"உங்க அம்மா இதை மறந்துட்டுப் போயிட்டா. நான் அடுப்புல பாலை வச்சிருக்கேன். ஓடிப்போய்க் கொடுத்துட்டு வா. வேலிக்கு உள்ள மட்டும் போகாத."

"மேல இருந்து அம்மா எப்படி வாங்குவாங்க?"

"அவ இறங்கி வருவா. நீ ஏறிடாத!"

பென்சிலின் அம்மா கிரேன் ஓட்டுபவர். இரண்டு தெரு தள்ளி ஒரு பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் நடுவே, வானத்தைத் தொடுகிற மாதிரி நின்ற மஞ்சள் கிரேனின் உச்சியில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள்தான் அம்மா.

வேலிக்கு வெளியே காவலர் கூண்டு. அதன் சுவரில் ஒரு அட்டவணை ஒட்டியிருந்தது. சுமை கிரேனின் கம்பத்துக்குப் பக்கத்திலேயே இருந்தால் எட்டு டன் தூக்கலாம். கையின் நுனியில் ஒன்றரை டன்தான் தூக்கலாம் என்று அதில் போட்டிருந்தது.

பென்சிலின் கண் விரிந்தது. 'பூதத்துக்கும் இப்படி ஒன்று போட்டால்? தூரம் போகப் போகப் பலம் குறையும்!'

உடனே அவளே உதட்டைப் பிதுக்கினாள். அதுவும் பலத்தை வெட்டுவதுதான். பூதம் கொஞ்சம் குட்டிப் பூதம் ஆகும், அவ்வளவுதான். வாள் அப்போதும் உறையில்தான் இருக்கும்.

அண்ணாந்து பார்த்தாள். ஒரு லாரி நீளத்துக்கு இரும்புக் கம்பிக் கட்டு ஒன்று காற்றில் தொங்கியது. கட்டடத்துக்கு அந்தப் பக்கம், அம்மாவின் கண்ணுக்குத் தெரியாத மூலையில் அதை இறக்க வேண்டும். மூன்றாம் தளத்தின் விளிம்பில், பச்சைத் தொப்பி போட்ட ஒருவர் கையில் வாக்கி-டாக்கியோடு நின்றார். அவர் ஒரு விரலை வலப்பக்கம் நீட்டினார். அத்தனை பெரிய கிரேனும் வலப்பக்கம் திரும்பியது. உள்ளங்கையைக் கீழே காட்டினார். கட்டு மெல்ல மெல்ல இறங்கியது.

'எவ்வளவு பெரிசு! எவ்வளவு சின்ன விரல்!'

அப்போதுதான் இன்னொன்று நடந்தது. இரண்டாம் தளத்தில் பலகை அடித்துக்கொண்டிருந்த தச்சர் திடீரென்று இரண்டு கைகளையும் விரித்து, "நிறுத்து! நிறுத்து!" என்று அலறினார். கட்டின் ஒரு முனை சாரத்தில் மாட்டப் பார்த்தது. கிரேன் அந்த நொடியே நின்றது. கம்பிக் கட்டு அசையாமல் தொங்கியது.

அம்மா இறங்கி வந்ததும், டப்பாவைக் கொடுப்பதற்கு முன்பே பென்சில் கேள்வியைக் கொடுத்தாள்.

"அம்மா, அந்தத் தச்சர் உங்க சிக்னல்காரர் இல்லையே! அவர் சொன்னதுக்கு ஏன் நிறுத்தினீங்க?"

"தூக்கு, இறக்குன்னு சொல்ல ஒரே ஆளுதான். ஆனா 'நிறுத்து'ன்னு யாரு சொன்னாலும் நிறுத்தணும். எதுக்குடி இப்படிக் குதிக்கற?"

"டப்பா சூடா இருக்கும்மா, சாப்பிடுங்க! நான் போறேன்!"

"தண்ணியாவது குடிச்சுட்டு..."

பென்சில் ஏற்கெனவே தெருமுனையில் இருந்தாள்.

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. நான்கு மாடியும் படியிலேயே ஏறி, புதுசு வீட்டு மணியை அடித்தாள். கதவைத் திறந்தவனுக்குப் பின்னால், இன்னும் பிரிக்காத பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"உன் பூதத்துக்கு... ஒரு புது விதி..." மூச்சு வாங்கியது. "உன் பூதம்ங்கறதால... முதல்ல உன்கிட்டதான் கேக்கணும்னு..."

புதுசுவின் முகம் சுருங்கியது. "எடுத்துடப் போறியா?"

"இல்ல! அதோட பலத்துல ஒரு துளிகூடக் குறைக்கப் போறதில்ல!"

அவன் வாசல் மிதியடியைக் காலால் நேராக்கினான். "எனக்குத் தெரியும், அவங்க ரெண்டு பேரும் கொட்டாவி விடறாங்க. நானும் சும்மா இருக்கலாம்னுதான் பாக்கறேன். ஆனா ஊரே எரியும்போது பூதம் எப்படிச் சும்மா இருக்கும்?"

"இரு, இதைக் கேளு. பூதம் மலை உயரம் இல்லையா? அப்ப அதோட தலை எங்க இருக்கும்?"

"மேகத்துக்கு மேல."

"அப்ப கீழ என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியுமா?"

புதுசு அண்ணாந்து கூரையைப் பார்த்தான். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தான்.

"தெரியாது," என்றான் மெல்ல. "தெரியவே தெரியாது. கால எங்க வைக்கறோம்னுகூடத் தெரியாது. யாரையாவது மிதிச்சுடுவோமோன்னு பயந்து... பென்சில், அதனாலதான் அது ஒரே இடத்துல நின்னுட்டே இருந்திருக்கு! நூறு வருஷமா! அதனாலதான் எல்லாரும் அதை மலைன்னு நினைச்சுட்டாங்க!"

இது பென்சிலுக்கே தோன்றாத கதை. கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள். இருவரும் ஒரு பெட்டியின் மேலேயே காகிதத்தை வைத்து எழுதினார்கள்.

'நண்பர் ஒருவர் வேலை நடக்கும் இடத்தில் போய் நின்று, கை காட்டி வழி சொன்னால்தான் பூதம் அசையும். கை காட்டுபவர் பகடை உருட்ட வேண்டும். நிறுத்து என்று யார் சொன்னாலும் பூதம் உடனே நிற்க வேண்டும்.'

"ஒண்ணு விட்டுட்ட," என்றான் புதுசு. "காதும் மேகத்துக்கு மேலதானே இருக்கு? நிஜமாவே சத்தமா சொல்லணும். இல்லன்னா அதுக்குக் கேக்காது."

இருவருக்கும் ஒரே நேரத்தில் முணுமுணுவின் ஞாபகம் வந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

சனிக்கிழமை. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் அவசரம் வந்தான். பென்சில் புது விதியைப் படித்தாள். அவன் பந்தைக் கீழே வைக்கவில்லை, ஆனால் உட்கார்ந்தான்.

"மழைக்காலம். பெரிய அணை," என்று தொடங்கினாள் பென்சில். "அணைக்குக் கீழ ஒரு ஊரு. ஆயிரம் வீடு. அணைச் சுவர்ல ஓட்டை விழுந்துடுச்சு. நீங்க பாத்துட்டு இருக்கும்போதே ஓட்டை பெரிசாகுது. பக்கத்துக் குன்று மேல ஒரு பாறை இருக்கு. அதை எடுத்து அடைச்சா ஊரு பிழைக்கும்."

"பூதம்!" என்றான் அவசரம்.

புதுசு கண்களை இறுக்க மூடிக்கொண்டான். "எனக்கு மேகம்தான் தெரியுது," என்றான். "யாராவது சொல்லுங்க. நான் எங்க நிக்கறேன்?"



"நான் போறேன்!" அவசரம் துள்ளி எழுந்தான். பந்து உருண்டு ஓடியது. "அணை மேலயே ஓடிப்போய் ஓட்டை பக்கத்துல நின்னு கை காட்டறேன்!"

"அணை மேல மூணு கொள்ளைக்காரங்க வழிமறிக்கறாங்க."

"மூணு பேரா?" அவசரத்தின் முகத்தில் மத்தாப்பு எரிந்தது. "உருவறேன்! வாளை உருவறேன்!"

பகடை உருண்டது. பதினெட்டு! ஒரு கொள்ளைக்காரன் தண்ணீரில். மறுபடி உருண்டது. பதினைந்து! இன்னொருவன் அவன் பின்னால். மூன்றாமவன் தன் தொப்பியை விட்டுவிட்டு ஓடியே போனான்.

"நான் கீழ நீந்திப் போய்ப் பாக்கறேன்," என்று முணுமுணுத்தாள் முணுமுணு. அவள் படக்கதைப் புத்தகம் பையை விட்டு வெளியே வரவே இல்லை.

அவள் உருட்டினாள். பன்னிரண்டு. பென்சில் ஒரு துண்டுச் சீட்டில் ஏதோ எழுதி, அவளிடம் மட்டும் கொடுத்தாள். உளவாளி பார்ப்பது உளவாளிக்குத்தானே தெரியும்!

இதற்குள் அவசரமும் பகடையை உருட்டிவிட்டு, அணைமேல் நின்று கை காட்டத் தொடங்கியிருந்தான். "பூதமே, வலது பக்கம்! குனி! பாறையைத் தூக்கு! இந்தப் பக்கம் திரும்பு! இறக்கு, இறக்கு, இறக்கு!"

புதுசு மூடிய கண்களோடு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, கண்ணுக்குத் தெரியாத பாறையை மெல்ல இறக்கினான்.

முணுமுணு சீட்டைப் பிரித்தாள். 'ஓட்டைக்கு நேர் கீழே ஒரு படகு மாட்டிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு தாத்தாவும் இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள்.'

அவள் சீட்டைக் கீழே போட்டாள்.

"நிறுத்து," என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை.

"இறக்கு! இன்னும்! இன்னும்!" என்றான் அவசரம்.

"நிறுத்துங்க... நிறுத்து..."

புதுசுவின் கைகள் தோளுக்கு வந்தன. நெஞ்சுக்கு வந்தன. பென்சில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கதை சொல்பவள் பேசக்கூடாது.

முணுமுணு எழுந்து நின்றாள். மூச்சை இழுத்தாள். வயிறு, நெஞ்சு, கன்னம் எல்லாம் நிரம்புகிற அளவுக்கு இழுத்தாள்.

"நி... று... த்... து!!!"

சைக்கிள் மணிகள் கிணுகிணுத்தன. ஜன்னலில் உட்கார்ந்திருந்த புறாக்கள் பறந்தன. மேலே எங்கோ ஒரு மாடியில் கரண்டி ஒன்று கீழே விழுந்த சத்தம் கேட்டது.

புதுசு அப்படியே நின்றான். ஒரு விரல்கூட நகரவில்லை.

"படகு!" முணுமுணுவுக்கு இப்போது குரலை எப்படிக் குறைப்பது என்று தெரியவில்லை. "கீழ படகு இருக்கு! தாத்தா இருக்காரு! ரெண்டு குழந்தைங்க!"

"ஐயையோ!" அவசரம் தலையில் கை வைத்தான். "நான் பாக்கவே இல்ல!"

"கயிறு போடு, நான் கட்டறேன்! நீ மேல இருந்து இழு!"

அவள் உருட்டினாள், அவன் உருட்டினான். படகு அங்குலம் அங்குலமாக ஒதுங்கியது. "கை வலிக்குது," என்றான் புதுசு. "ஆனா பூதத்துக்கு வலிக்கல. நீங்க மெதுவாப் பண்ணுங்க."

படகு கரையைத் தொட்டது. அவசரம் மறுபடி கை காட்ட நின்றான். இந்தத் தடவை முணுமுணுவைத் திரும்பிப் பார்த்தான். அவள் கீழே நாலாபக்கமும் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

"இறக்கு," என்றான் அவசரம். "கொஞ்சம். இன்னும் கொஞ்சம். இரு. கொஞ்சூண்டு இடது." அவன் இவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அவன் நெற்றியில் வியர்வை வழிந்தது.

"கடைசி உருட்டல்," என்றாள் பென்சில். "பதினாலுக்குக் குறைஞ்சா பாறை நழுவிடும்."

அவசரம் பகடையை முணுமுணுவிடம் நீட்டினான். அவள் அதை ஊதினாள். அவன் உருட்டினான்.

பகடை பெட்டியின் மேல் துள்ளியது, விளிம்பில் ஒரு கணம் தயங்கியது, கீழே விழுந்து சைக்கிள்களுக்கு அடியில் ஓடிவிட்டது.

"தொடாதே! தொட்டா செல்லாது!"

மூன்று பேரும் தரையில் குப்புறப் படுத்தார்கள். அவசரத்தின் கால் ஒரு சைக்கிளில் பட்டது. அது அடுத்ததன்மேல் சாய, அது அதற்கடுத்ததன்மேல் சாய, வரிசையாக ஏழு சைக்கிள்களும் தடதடவென்று சுவர்ப்பக்கம் சரிந்தன. பகடை மட்டும் அசையாமல் கிடந்தது.

"என்ன விழுந்துச்சு?" புதுசு இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. கைகள் இன்னும் காற்றில்தான் இருந்தன. "யாராவது சொல்லுங்களேன்! எனக்கு மேகம்தான் தெரியுது!"

"பதினாறு!" என்று கத்தினாள் முணுமுணு. "பதினாறு! பதினாறு!"

அவசரம் அவளைக் கட்டிக்கொண்டான். அவள் புதுசுவைக் கட்டிக்கொண்டாள். பென்சில் மூவர் மேலும் விழுந்தாள். புதுசுவின் கைகள் அப்போதுதான் கீழே வந்தன.

கதவு படாரென்று திறந்தது. கையில் தடியோடு வாட்ச்மேன் நின்றார். அவருக்கு மூச்சிரைத்தது.

"யாரு கத்தினது? யாருக்கு என்ன ஆச்சு?"

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அணை உடையப் பாத்துச்சு அண்ணே," என்றான் புதுசு. "நாங்க நாலு பேரும் சேர்ந்து அடைச்சுட்டோம்."

வாட்ச்மேன் சரிந்து கிடந்த சைக்கிள்களைப் பார்த்தார். அட்டைப்பெட்டியைப் பார்த்தார். பிறகு குனிந்து, உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்தார்.

"ஒரு சொட்டு ஈரம்கூட இல்ல," என்றார். "நல்லாத்தான் அடைச்சிருக்கீங்க."